குப்பைமேனி மேலுக்கு, வயித்துக்கு இல்லை

தங்கச்சிக்கு,

பக்கத்து காலி மனையில குப்பைமேனி மண்டிக் கிடக்கு, பையனுக்குக் கையெல்லாம் அரிப்பு, கூடவே நெஞ்சுல சளி, அத்தை ஒரு சங்கு இலைச்சாறு குடுக்கச் சொல்றாங்க, குடுக்கலாமா அக்கான்னு கேட்டிருக்கே. பதிலை முதல்லயே சொல்லிடறேன். அரிப்புக்கு அரைச்சுப் பூசலாம். சளிக்குச் சாறு குடுக்காதே. ஏன்னு கடைசியில விவரமா எழுதறேன், அதை மட்டும் படிக்காம விட்டுடாதே.

காசு குடுத்து வாங்க வேண்டாத மருந்து இது. நம்ம ஊர்ல சொறி, சிரங்கு, பூச்சிக்கடின்னா முதல்ல கைக்கு வர்ற செடி. இப்போ ஆளாளுக்கு வீடியோவுல இதைக் குடிச்சா ரத்தம் சுத்தமாகும், நுரையீரல் சுத்தமாகும்னு சொல்றாங்க. அதைக் கேக்கறப்போ எனக்கு வயித்தைப் பிசையுது. நல்ல செடிக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுக்கற வேலை அது. அதனால இந்தச் செடி எதுவரைக்கும் உதவும், எங்கே கைவிடும்னு எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் எழுதறேன்.

செடி அதுதானான்னு பாரு

நீ டவுன்ல வளந்தவ. இலையைப் பாத்து மட்டும் முடிவு பண்ணாதே. பல்லு பல்லா விளிம்பு வெச்ச இலை அந்த மனையில நாலஞ்சு செடிக்கு இருக்கும்.

குப்பைமேனி நிமிந்து நிக்கற செடி. முழங்கால் உயரம் வரும், நல்ல மண்ணுன்னா கொஞ்சம் கூடப் போகும். மேலே இருந்து குனிஞ்சு பாரு. கீழ் இலைக்குக் காம்பு நீளம், மேல போகப் போகக் காம்பு குட்டை. அதனால ஒரு இலையும் இன்னொரு இலைக்கு நிழல் கட்டாம, எல்லா இலையும் வெயில் வாங்கற மாதிரி விரிஞ்சிருக்கும். இது முதல் அடையாளம்.

நிச்சயமா காட்டிக்குடுக்கறது பூதான். இலைக்கக்கத்துல இருந்து விரல் நீளத்துக்கு ஒரு கதிர் எழும்பும். அதுல நிறமோ இதழோ எதுவும் இருக்காது. கதிரோட அடியில பச்சையா, விளிம்புல பல்லு வெட்டின குட்டிக் குட்டி மடல் ஒட்டியிருக்கும். ஒண்ணை நகத்தால பிரிச்சுப் பாரு, உள்ளே பச்சைக் காய் இருக்கும். அந்த மடலுக்கு மேல கதிர் மெலிஞ்சு, தூள் ஒட்டின நூலா முடியும். அந்தத் தூளெல்லாம் ஆண் பூ. மடலும் நூலும் ஒரே கதிர்ல இருந்தா அது குப்பைமேனிதான். கதிரே வராத இளஞ்செடின்னா இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பறி.

ஒண்ணு மட்டும் எச்சரிக்கை. காஞ்சொறியும் இதே ஆமணக்குக் குடும்பம்தான். அதுக்கும் பல்லு வெச்ச இலை, அதுவும் வேலியோரத்துலதான் இருக்கும். சில ஊர்ல செந்தட்டின்னு சொல்வாங்க. அது கொடியா வேலியைச் சுத்திக்கிட்டுப் போகும், தண்டு இலையெல்லாம் சுணை நிக்கும். தொட்ட உடனே தீப்பட்ட மாதிரி எரியும். ஏற்கெனவே அரிப்போட இருக்கற பிள்ளைக்கு அதை அரைச்சுப் பூசினா என்ன ஆகும்னு யோசி. கொடியா இருந்தா கையே வைக்காதே.

இன்னொரு விஷயம். செடியை வேரோட பிடுங்கி வராந்தாவுல போட்டா பூனை வரும். வேரை மோந்து பாத்துட்டு அதுமேலயே புரளும். பூனைவணங்கின்னு மருத்துவ நூல்கள்ல ஒரு பேரும் இதுக்கு உண்டு. பயப்பட ஒண்ணுமில்லை, ஆனா பூனை புரண்ட இலையைப் பிள்ளை மேல பூசாதே. நமக்கு வேர் தேவையே இல்லை. தழையை மட்டும் கிள்ளிக்கிட்டு வா, செடி திரும்பத் துளிர்க்கும்.

எங்கே பறிக்கறேங்கறதுதான் பாதி மருந்து

குப்பை மேட்டுல வளர்ற செடிதான், ஆனா குப்பை மேட்டுல பறிக்காதே. சாக்கடை ஓரம், நாய் கால் தூக்கற சுவரோரம், லாரி போற ரோட்டோரம், கழிவுத்தண்ணி கசியற இடம் எதுவுமே வேண்டாம். இதைவிட மோசம் களைக்கொல்லி. காலி மனைக்காரங்க பாம்பு வருதுன்னு வருஷத்துக்கு ஒரு தடவை மருந்து அடிச்சுட்டுப் போயிடறாங்க. அடிச்ச ரெண்டு மூணு நாள் வரைக்கும் செடி பச்சையாவேதான் நிக்கும், பாத்தாத் தெரியாது. உங்க பக்கத்து மனையில யாராவது அடிச்சாங்களான்னு தெருவுல கேட்டுட்டு அப்புறம் பறி.

என்னைக் கேட்டா ஒரு தொட்டியில போட்டுடு. கதிர் முத்தின ஒரு செடியை மடக்கித் தொட்டி மண்ணுல உதறினாப் போதும், தண்ணி பட்டதும் தானே முளைக்கும். உரம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நல்லா தழைக்கும். மத்த மாசத்துல நீ பாத்திரம் கழுவற தண்ணி விட்டாலே நிக்கும், சோப்பு நுரை மட்டும் இல்லாமப் பாத்துக்கோ.

பறிச்ச இலையில மஞ்சள் பட்டது, ஓட்டை விழுந்தது, அடியில வெள்ளையா மாவுப்பூச்சி ஒட்டினது எல்லாம் ஒதுக்கு. மிச்சத்தை ஒரு அகலப் பாத்திரத்துல கல்லுப்பும் மஞ்சள் தூளும் போட்ட தண்ணியில கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ரெண்டு தடவை நல்ல தண்ணியில அலசு. மண்ணு அடியில தங்கறதை நீயே பாப்பே.

அரைச்சுப் பூசற முறை

பழைய கணக்கு இலையும் உப்பும்தான். ஒரு கைப்பிடி இலை, ரெண்டு மூணு கல்லுப்பு, தண்ணி தெளிச்சு அம்மியில மையா அரைச்சு, சொறி இருக்கற இடத்துல பூசிக் காயறதுக்கு முன்னாடி குளிக்க வைப்பாங்க. தோல் உடையாம வெறும் அரிப்பா இருந்தா இது நல்லா கேக்கும். ஆனா சொறிஞ்சு சொறிஞ்சுத் தோல் கிழிஞ்ச இடத்துல உப்பு பட்டா பிள்ளை துடிச்சுப் போயிடும். உன் பையனுக்கு நாலு வயசு. அவனுக்கு உப்பு வேண்டாம். அதுக்குப் பதிலா ஒரு சிட்டிகை மஞ்சள், அதுவும் கடையில வாங்கின வாசனைத் தூள் இல்லை, விரலி மஞ்சளைக் கல்லுல உரசி எடுத்தது, சேர்த்துக்கோ. மிக்ஸியில அரைக்கறதா இருந்தா காரம் அரைச்ச ஜார் கூடாது. எத்தனை கழுவினாலும் பிளேடுக்கு அடியில மிளகாய் நிக்கும்.

முதல் தடவை உடம்பு முழுக்க அப்பிடாதே. முழங்கைக்கு உள்பக்கம் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பூசிக் கால் மணி நேரத்துல கழுவிட்டு, மறுநாள் வரைக்கும் பாரு. சிவந்து தடிச்சுதுன்னா இந்தச் செடி அவன் தோலுக்கு ஒத்துக்கலைன்னு அர்த்தம், விட்டுடு. சில பேருக்கு அப்படி ஆகறது உண்டு. ஒண்ணும் ஆகலைன்னா மறுநாள் பூசு. பதினஞ்சு இருபது நிமிஷம் போதும். காஞ்சு இறுகினா அதுவே இழுத்து அரிக்கும். வெதுவெதுப்பான தண்ணியில கழுவிவிட்டுப் பச்சைப்பயறு மாவு தேச்சுக் குளிப்பாட்டு. கண்ணு, உதடு, பிறப்புறுப்பு பக்கம் கொண்டுபோகாதே. கைக்குழந்தைக்கு எதுவுமே பூசாதே, அவங்க தோல் வேற.

கொசுக்கடி, எறும்புக்கடி, பேர் தெரியாத பூச்சி ஊர்ந்து தடிச்சது இதுக்கெல்லாம் நாலு இலையைக் கையில கசக்கிச் சாறைத் தடவினாலே அரிப்பு அடங்கும். பூரான் கடிக்கு இலையோட சுண்ணாம்பு குழைச்சுப் போடற வழக்கம் இருக்கு. பெரியவங்க தடிச்ச தோலுக்கு ஏதோ சரி, பிள்ளைங்க தோலைச் சுண்ணாம்பு பொத்துவிட்டுடும். வேண்டாம். தேள் கொட்டினாலும் பாம்பு கடிச்சாலும் இலையைத் தேடிப் போகாதே, ஆஸ்பத்திரிக்குப் போ. பாம்பு விஷத்துக்கு விஷமுறிவு ஊசி மட்டும்தான் மருந்து, அரசு ஆஸ்பத்திரியில இருக்கு. இலை தேடற ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம்.

சித்திரை வேர்க்குருவுக்கு அரைச்சுப் பூசாம, ரெண்டு கைப்பிடி இலையைக் குளிக்கற தண்ணியில கொதிக்கவிட்டு, ஆறினதும் வடிகட்டி ஊத்து. வேர்க்குரு மேல எண்ணெய் தடவாதே, வேர்வை வர்ற துவாரம் இன்னும் அடைபடும்.

ராத்திரியில வீடே சொறிஞ்சா

உன் கடுதாசியில ஒரு வரி எனக்கு உறுத்துது. பையனுக்கு ராத்திரியிலதான் அரிப்பு ஜாஸ்தி, இப்போ உனக்கும் ஆரம்பிச்சிருக்குன்னு எழுதியிருக்கே. அவன் விரல் இடுக்கைப் பாரு. மணிக்கட்டு உள்பக்கம், அக்குள், இடுப்புல ஜட்டி இலாஸ்டிக் அழுத்தற இடம், இதெல்லாம் பாரு. பொடிப் பொடிக் கொப்புளமும், பென்சில்ல மெலிசாக் கோடு கிழிச்ச மாதிரி தடமும் இருந்தா அது சிரங்குப் பூச்சி. கண்ணுக்குத் தெரியாத சின்ன உண்ணி, தோலுக்குள்ள வளை தோண்டி முட்டை வைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2017-ல சிரங்கைக் கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்கள் பட்டியல்ல சேர்த்துச்சு. உலகம் முழுக்க ஏழை வீடு பணக்கார வீடு பாக்காம வர்றது. வந்ததுக்கு நீ வெக்கப்பட வேண்டியதில்லை.

இங்கே குப்பைமேனி அரிப்பை அடக்கும். ஆனா வளைக்குள்ள இருக்கற முட்டையை அது தீர்த்துக்கட்டும்னு நம்பி உக்காந்திருக்காதே. தோல் டாக்டரைப் பாரு. பெரும்பாலும் 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம் எழுதிக் குடுப்பாங்க. ராத்திரி கழுத்துல இருந்து உள்ளங்கால் வரைக்கும், விரல் இடுக்கு, நக இடுக்கு, தொப்புள் விடாம தடவி, காலையில குளிக்கணும். ஒரு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. சின்னப் பிள்ளைக்குத் தலைக்கும் தடவணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோ.

எல்லாரும் தப்பு பண்ற இடம் இதுதான்: அரிக்கறவங்க மட்டும் பூசிக்கறது. வீட்டுல இருக்கற எல்லாரும், அரிப்பே இல்லாத உன் வீட்டுக்காரரும், அத்தையும் ஒரே ராத்திரியில பூசிக்கணும். இல்லைன்னா ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்குத் திரும்பத் திரும்பச் சுத்தும், கடைசியில மருந்து மேல பழி விழும். மறுநாள் காலையில போர்வை, தலகாணி உறை, துண்டு, உடுத்தின துணி எல்லாம் சுடுதண்ணியில துவைச்சு உச்சி வெயில்ல போடு. துவைக்க முடியாத பொம்மை, கம்பளியை ஒரு பிளாஸ்டிக் பையில கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வை. மனுஷ உடம்பு கிடைக்காம அந்த உண்ணி சில நாளைக்கு மேல தாங்காது.

மருந்து போட்ட அப்புறமும் ரெண்டு மூணு வாரம் அரிப்பு இருக்கும். பூச்சி செத்தாலும் தோல் உடனே அடங்காது. அந்த வாரங்கள்லதான் நம்ம இலை நிஜமா உதவும். கீழே சொல்ற எண்ணெயை அப்போ தடவு.

கொப்புளத்துல சீழ் வெச்சாலோ, பிள்ளை முகம் காலையில வீங்கியிருந்தாலோ, மூத்திரம் குறைஞ்சாலோ நிறம் மாறினாலோ தாமதிக்காதே. சீழ் பிடிச்ச சிரங்கு சில பிள்ளைங்களுக்குச் சிறுநீரகத்துல போய் நிக்கும்.

வட்ட வட்டமா, ஓரம் சிவந்து நடுவுல தெளிஞ்சு பரவினா அது படர்தாமரை, வேற நோய். மருந்துக் கடையில நீயா கேட்டு ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கிடாதே. ஒரு வாரத்துல மறைஞ்ச மாதிரி இருக்கும், அப்புறம் ரெண்டு மடங்கா வரும். அதுக்கும் டாக்டர்தான்.

எண்ணெய் காய்ச்சறது

இதைப் பொறுமையா செஞ்சா வருஷத்துல பாதி நாள் கைகுடுக்கும். இலையை அரைச்சுத் துணியில பிழிஞ்சு ஒரு டம்ளர் சாறு எடு. செக்குல ஆட்டின தேங்காயெண்ணெய் ஒரு டம்ளர். பெரியவங்க மூட்டுவலிக்குன்னா நல்லெண்ணெய். அடி கனமான பாத்திரத்துல ரெண்டையும் ஊத்தி, பிழிஞ்ச சக்கையில ஒரு நெல்லிக்காய் அளவு உருட்டிப் போட்டு, சிறு தீயில வை. பொங்கும், அதனால பாத்திரம் பாதிக்கு மேல நிறையக் கூடாது.

முதல்ல பச்சையா நுரை கட்டும், சடசடன்னு சத்தம் வரும். அது சாறுல இருக்கற தண்ணி போற சத்தம். கிளறிக்கிட்டே இரு. சத்தம் குறையக் குறைய நுரை பெருசாகி அப்புறம் அடங்கும், எண்ணெய் தெளிஞ்சு கரும்பச்சையா தெரிய ஆரம்பிக்கும். அடியில தங்கின சக்கையை ஸ்பூன்ல எடுத்து ஆறவிட்டு விரல்ல உருட்டு. சேறா ஒட்டினா இன்னும் நேரமாகணும். உருண்டு திரி மாதிரி நீண்டா அது மெழுகுப் பதம், அடுப்பை அணை. மணல் மாதிரி கரகரன்னு உதிர்ந்தா ஒரு படி தாண்டிடுச்சு. சந்தேகம் இருந்தா ஒரு பஞ்சுத் திரியை எண்ணெயில முக்கிக் கொளுத்து. படபடன்னு பொரிஞ்சா தண்ணி பாக்கி இருக்கு, சத்தமில்லாம எரிஞ்சா சரி. தண்ணி தங்கின எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிச்சுப் பூஞ்சை பிடிச்சிடும்.

ஆறினதும் துணியில வடிகட்டி, நல்லா காஞ்ச கண்ணாடிப் பாட்டில்ல ஊத்தி, காய்ச்சின தேதி எழுதி ஒட்டு. வாடை மாறினா கொட்டிடு. வறண்ட அரிப்பு, குளிர்காலத்துச் சொரசொரப்பு, சிரங்கு ஆறின தழும்பு இதுக்கெல்லாம் குளிச்சு ஈரம் ஒத்தின உடனே மெலிசா தடவு.

நல்லெண்ணெய்ல காய்ச்சினதை அத்தை முழங்காலுக்குச் சூடு பண்ணித் தடவிவிடு. இலையோட வேலை பாதி, உன் கை தேய்க்கற சூடு பாதி. வலி இறங்கும். ஆனா மூட்டு சிவந்து, தொட்டா கொதிச்சு, காய்ச்சலும் இருந்தா தேய்க்கவே கூடாது. அவங்களுக்குச் சர்க்கரை இருக்கு, அதனால இன்னொண்ணு. கால்ல சின்னப் புண்ணு வந்தாலும் இலை, பொடி, எண்ணெய் எதையும் வைக்க விடாதே. அந்தக் காலத்துல படுக்கைப் புண்ணுக்கும் ஆறாத புண்ணுக்கும் இந்த இலைப் பொடியைத் தூவினாங்க, நிஜம்தான். அந்தக் காலத்து ஆளுங்களுக்கு வேற வழியில்லை. சர்க்கரைக் காலுக்கு இன்னிக்கு வழி இருக்கு, அன்னன்னிக்குக் கட்டு மாத்தணும், டாக்டர் பாக்கணும்.

பொடி, முகம், மாடு

இலையை நிழல்ல வேட்டித் துணி விரிச்சுக் காயப்போடு. வெயில்ல போட்டா பழுப்பாயிடும். கையில நொறுங்கினதும் பொடிச்சுத் துணியில சலி. பச்சைப்பயறு மாவு நாலு பங்கு, இந்தப் பொடி ஒரு பங்கு, பூலாங்கிழங்கு அரைப் பங்கு. நல்ல குளியல் பொடி. கடையில விக்கற குப்பைமேனி சோப்பை நான் வாங்கறதில்லை, அதுல இலையை விட நுரையும் வாசனையும்தான் அதிகம்.

உதட்டு மேல, தாடையில இருக்கற பூனைமுடிக்கு மஞ்சளும் குப்பைமேனியும் பூசினா உதிர்ந்துடும்னு நம்ம பொண்ணுங்க நிறைய பேர் நம்பறாங்க. தினம் அழுத்தித் தேய்க்கறதுல கொஞ்சம் அறுந்து போகும், வேர் அப்படியேதான் இருக்கும். உன் நாத்தனார் பொண்ணு கேட்டான்னா இதைச் சொல்லு: முடி கனமா, கறுப்பா, தாடையில வர ஆரம்பிச்சு, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போனா, அது முகத்துல இருக்கற பிரச்னை இல்லை. மகப்பேறு டாக்டரைப் பாத்து பிசிஓடி இருக்கான்னு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை பண்ணிக்கட்டும். பச்சிலை பூசிக்கிட்டு ரெண்டு வருஷம் கடத்த வேண்டாம்.

ஊர்ல மாமனார் வீட்டு மாட்டுக்குக் கோமாரி வந்து குளம்புல புண்ணுன்னு சொன்னியே, அதுக்குக் குப்பைமேனி ரொம்பப் பொருத்தம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துல மரபு மூலிகை வைத்தியத்தை எடுத்து ஒழுங்குபடுத்தி விவசாயிகளுக்குச் சொல்லிக் குடுத்த முறை ஒண்ணு இருக்கு. குப்பைமேனி ஒரு கைப்பிடி, வேப்பிலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி, மருதாணி இலை ஒரு கைப்பிடி, பூண்டு பத்துப் பல், மஞ்சள் தூள் 20 கிராம். எல்லாத்தையும் அரைச்சு அரை லிட்டர் நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ விட்டுக் காய்ச்சி ஆறவெச்சு, புண்ணைக் கழுவி ஈரம் போனதும் போடணும். புழு வெச்சிருந்தா முதல் நாள் சீத்தாப்பழ இலையை அரைச்சுப் போடச் சொல்றாங்க. கோமாரித் தடுப்பூசியை மட்டும் விடக் கூடாதுன்னு மாமனார்கிட்ட சொல்லு.

சாறு ஏன் வேண்டாம்

இப்போ அத்தை சொன்னதுக்கு வர்றேன். அவங்க இல்லாததைச் சொல்லலை. நெஞ்சுச் சளிக்கு இந்த இலைச்சாறைக் குடுத்து வாந்தி எடுக்க வைக்கறது பழைய வைத்தியம். சாறு வயித்தைப் புரட்டும், வாந்தி வரும், அதோட கோழையும் வெளியே வரும். குடல் புழுவுக்கும் குடுத்திருக்காங்க. பக்கத்துல கைராசியான ஒரு வைத்தியர் இருந்து, அளவு பாத்துக் குடுத்த காலம் அது. நாலு வயசுப் பிள்ளைக்கு வாந்தி புரையேறி மூச்சுக்குழாய்க்குள்ள போனா என்ன பண்ணுவே? அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் ரத்தத்துல இருக்கு.

சில பேருக்கு ரத்தச் சிவப்பணுவைக் காப்பாத்தற ஜி6பிடிங்கற நொதி பிறவியிலேயே குறைவா இருக்கும். அம்மாகிட்ட இருந்து பிள்ளைக்கு வரும், பாதிக்கப்படறது அதிகமா ஆண் பிள்ளைங்க. சாதாரணமா ஒண்ணும் தெரியாது, ஓடி ஆடி விளையாடுவாங்க. ஒத்துக்காத ஒண்ணு உள்ளே போனாத்தான் சிவப்பணு மொத்தமா உடைய ஆரம்பிக்கும். மலேரியாவுக்குக் குடுக்கற பிரைமாகுயின் மாத்திரை அப்படி ஒண்ணு. துணி அலமாரியில போடற நாப்தலின் அந்துருண்டை அப்படி ஒண்ணு. குப்பைமேனியும் அப்படி ஒண்ணு.

இது யாரோ கிளப்பிவிட்ட புரளி இல்லை. இலங்கையிலயும் குப்பைமேனியைக் கிட்டத்தட்ட இதே பேர்ல சொல்றாங்க, அங்கேயும் காய்ச்சிக் குடிக்கற வழக்கம் உண்டு. ஜி6பிடி குறைவா இருந்தவங்க இதைக் குடிச்சு, சிவப்பணு உடைஞ்சு ஆஸ்பத்திரியில சேர்ந்ததை இலங்கை மருத்துவர்கள் 1990-களிலேயே மருத்துவ இதழ்கள்ல எழுதியிருக்காங்க. அதுக்கப்புறமும் எழுதியிருக்காங்க.

குடிச்ச ஒண்ணு ரெண்டு நாள்ல பிள்ளை சோர்ந்து படுக்கும். முகம் வெளுக்கும், கண்ணு மஞ்சளாகும், மூத்திரம் கட்டங்காப்பி நிறத்துல போகும், சில சமயம் உதடு நீலம் பாயும். நம்ம வீட்டுல என்ன நினைப்போம்? மஞ்சக்காமாலைன்னு நினைச்சு இன்னொரு பச்சிலையைத் தேடிப் போவோம். அதுதான் பயம். இப்படி ஒரு அறிகுறி எப்போ பாத்தாலும் நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன குடுத்தோம்னு மறைக்காம சொல்லணும். சிகிச்சையே அந்தப் பதில்லதான் ஆரம்பிக்கும்.

உன் பையன் பிறந்தப்போ மஞ்சள் அதிகமா இருந்து நீல விளக்குக்கு அடியில வெச்சாங்களே, ஞாபகம் இருக்கா? அது பல காரணத்தால வரும், இதுதான்னு நான் சொல்லலை. ஆனா அடுத்த தடவை குழந்தை டாக்டர்கிட்ட போறப்போ அதைச் சொல்லி, ஜி6பிடி பாக்கலாமான்னு கேளு. ஒரு ரத்தப் பரிசோதனைதான். குறைவுன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் எந்த மருந்து கூடாதுன்னு எழுதிக் குடுத்துடுவாங்க, நீயும் பீரோவுல அந்துருண்டை போடறதை நிறுத்திக்கலாம். அந்த ரிப்போர்ட் கைக்கு வர்ற வரைக்கும் அவனுக்கு மேலே பூசறதுகூடத் தோல் முழுசா இருக்கற இடத்துல, கொஞ்சமா பூசு. புண்ணா இருக்கற இடத்துல பூசாதே.

மாசமா இருக்கறவங்களும், பால் குடுக்கறவங்களும் இதைக் குடிக்கவே கூடாது. உன் பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கும் சொல்லிடு, அவளும் வீடியோ பாத்து ஏதோ பொடி வாங்கினான்னு எழுதியிருந்தே.

சரி, சளிக்கு என்ன பண்றது? அவனுக்கு ஒரு வயசு தாண்டினதால ராத்திரி படுக்கப் போறப்போ ஒரு ஸ்பூன் தேன் குடு, இருமல் தணியும். வெதுவெதுப்பா தண்ணி, ரசம், கஞ்சி அடிக்கடி குடு. மூக்கு அடைச்சா உப்புத்தண்ணி சொட்டு மருந்து கடையிலயே கிடைக்குது. கொதிக்கற பாத்திரத்துல ஆவி பிடிக்க வைக்காதே, அதுல வெந்து போன பிள்ளைங்க நிறைய.

அவன் தூங்கறப்போ சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பாரு. கடிகாரத்தை வெச்சு ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணு. அவன் வயசுக்கு 40 அல்லது அதுக்கு மேல போனாலோ, மூச்சு இழுக்கறப்போ விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, அது வீட்டு வைத்தியத்துக்கான சளி இல்லை, அன்னிக்கு ராத்திரியே கிளம்பு.

அத்தைகிட்ட எதிர்த்துப் பேசாதே. இலையைப் பறிச்சுக் குடுத்து, முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சலாம் வாங்கன்னு கூப்பிடு. பதம் பாக்கறது உன்னைவிட அவங்களுக்குத்தான் நல்லா தெரியும். பக்கத்துல உக்காந்து கிளறிக்கிட்டே ரத்தப் பரிசோதனை விஷயத்தைச் சொன்னீன்னா கேப்பாங்க, பேரன் மேல உசுரையே வெச்சிருக்கறவங்க.

அக்கா